மலையேறும் மிதிவண்டியும் மிதமான மின்விசையும்

மிதிவண்டி என்றதும் கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் சென்று வரும் எளிய ஊர்தியே நம் நினைவுக்கு வரும். கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடித் தடத்தில் மலையேறி இறங்குவதற்கென்றே ஒரு வண்டி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உருவாகி அரைநூற்றாண்டு ஆகிறது. இன்று அவ்வண்டிக்குள் மின்மோட்டாரும் புகுந்துவிட்டது. அது தகுமா என்ற வழக்கு அங்குள்ள மலைத்தடங்களில் இன்னும் ஓயவில்லை. அவ்வழக்கில் நாம் மோட்டாரின் பக்கம் நிற்கிறோம். ஆனால், சிறிய மோட்டாரின் பக்கம் மட்டுமே.

மின்விசையின் துணையோடு மலையேறுவது ஏமாற்று வேலை என்போர் தம் விளையாட்டு பிறந்த கதையை மறந்துவிட்டனர். 1976ஆம் ஆண்டில் மரின் மாவட்டத்தின் ஃபேர்ஃபாக்ஸ் ஊரையடுத்த செங்குத்தான மண்பாதையில் 'ரீபேக்' என்னும் பந்தயம் தொடங்கியது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் முதலிய இளைஞர்கள் பழைய கனத்த வண்டிகளைச் செப்பனிட்டு அதில் ஓட்டினர். அடிவாரத்தை அடைவதற்குள் பின்சக்கரப் பிரேக்கிலுள்ள கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும். மறுமுறை ஓட்டுமுன் புதிதாக நிரப்ப வேண்டும். அந்த நிரப்புதலே பந்தயத்தின் பெயராயிற்று. உச்சிக்கு அவர்கள் எவ்வாறு சென்றனர்? பலமுறை வண்டிகளைச் சரக்கு வாகனத்தில் ஏற்றிக்கொண்டுதான்! பெட்ரோலின் தயவால் ஏறியது வீரம், மின்சாரத்தின் தயவால் ஏறுவது இழிவு என்பது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை.

மின் மலைமிதிவண்டிகளில் இருவகை உண்டு. ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் வண்டிகளையே சான்றாகக் கொள்வோம். அதன் முழுவிசை 'டர்போ லீவோ'வின் 2021ஆம் ஆண்டு வடிவத்தில் மோட்டாரின் உச்சத் திறன் 565 வாட். பேட்டரியின் கொள்ளளவு 700 வாட்-மணி. எடை 22 கிலோ அளவில் இருக்கும். 2020இல் வெளிவந்த 'லீவோ எஸ்.எல்.' என்னும் இலகு வடிவத்திலோ திறன் 240 வாட், கொள்ளளவு 320 வாட்-மணி. எடை 17, 18 கிலோவுக்குள் அடங்கிவிடும். முன்னது மிதிப்பவரின் ஆற்றலை நான்கு மடங்காக்கும் என்றும், பின்னது இரு மடங்காக்கும் என்றும் அந்நிறுவனம் கூறிற்று. மிதித்தால்தான் இரண்டும் துணைபுரியும்; மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும்.

இந்த இரு மடங்கில்தான் நம் மனம் நிறைவு கொள்கிறது. இலகு வண்டியில் ஏறுபவருக்கு வியர்க்கும், மூச்சு வாங்கும், கியரை அறிந்து மாற்றாவிட்டால் ஏற்றத்தில் கால் ஓய்ந்துபோகும். வழியில் மரம் விழுந்து கிடந்தால் வண்டியை ஒருவரே தூக்கி அப்பால் வைத்துவிடலாம். பேட்டரி தீர்ந்துவிட்டாலும் மிதித்தே வீடு திரும்பலாம். 22 கிலோ வண்டியில் அது பெருந்தண்டனை. ஐரோப்பாவில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் மோட்டார் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அக்கணத்தில் கனத்த வண்டி ஓட்டுபவரைப் பின்னுக்கு இழுப்பதுபோல் இருக்கும். இலகு வண்டியில் அந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை. குறைகளும் இல்லாமலில்லை. நெடும்பயணத்திற்குத் தண்ணீர்ப் புட்டி வடிவிலான 160 வாட்-மணி துணைப் பேட்டரி ஒன்றையும் சுமக்க வேண்டியிருக்கிறது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட இவ்வகைப் பேட்டரிகளை ஏற்றுவதில்லையாதலால், இவ்வண்டியோடு வெளிநாட்டு மலைகளுக்குப் பறப்பதும் அரிது. விலையோ நல்லதொரு மோட்டார் சைக்கிளின் விலையை எட்டுகிறது. இது செல்வர்க்கே உரிய பொருளாய் நிற்பது நமக்கு உவப்பன்று.

ஆயினும் இதனால் பயன்பெறுவோர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவர், இதய நோயிலிருந்து மீண்டவர், அறுபதைக் கடந்தவர் ஆகியோர் இளையோருடன் சேர்ந்து மலையேற வழி பிறக்கிறது. உடற்பயிற்சி கெட்டுவிடும் என்ற அச்சத்திற்கும் பெரிதாக இடமில்லை. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் பழகிய ஓட்டுநர் 33 பேரைக் கொண்டு நடத்திய சிற்றாய்வு 2019இல் வெளிவந்தது. மின்வண்டியில் அவர்களின் சராசரி இதயத்துடிப்பு, சாதாரண வண்டியில் இருந்ததில் ஏறக்குறைய 94 விழுக்காடாக இருந்தது. ஆனால் உழைத்ததாக அவர்கள் உணர்ந்ததோ மிகக் குறைவு. முதியோருக்கு இதனினும் இனிய செய்தி வேறென்ன?

எதிர்ப்போரின் வாதங்களுள் ஒன்றுக்கு மட்டும் நாம் தலைவணங்குகிறோம். தடம் பொதுச்சொத்து. நடப்பவரும் குதிரையில் வருபவரும் அதே ஒற்றையடிப் பாதையைத்தான் நம்பியுள்ளனர். ஏற்றத்தில் பின்னாலிருந்து விரைந்து வரும் வண்டியை எவரும் எதிர்பார்ப்பதில்லை. 1964ஆம் ஆண்டின் வனாந்தரப் பாதுகாப்புச் சட்டம் எந்திர ஊர்தி எதனையும் அத்தகு காடுகளுக்குள் விடாததால், சாதாரண மிதிவண்டிக்கே அங்கு இடமில்லை. பிற நிலங்களில் மின்வண்டிக்கு 2019இல்தான் கதவு சற்றுத் திறந்தது. திறந்த கதவு மூடாதிருக்க வேண்டுமானால் ஓட்டுவோரிடம் அடக்கம் வேண்டும், எந்திரத்திடமும் வேண்டும்.

அங்கேதான் நமக்குக் கவலை. எடை குறைந்தால் விசையும் குறைந்தே இருக்கும் என்ற கணக்கு 2024இல் பொய்த்துவிட்டது. அவ்வாண்டு வெளிவந்த 'ஆம்ஃப்லோ' என்னும் வண்டியின் எடை 20 கிலோவுக்குச் சற்றுக் கீழேதான், அதன் டி.ஜே.ஐ. மோட்டாரின் உச்சத் திறனோ 1000 வாட்! ஐரோப்பியச் சட்டம் தொடர்திறனுக்கு 250 வாட் என்று வரம்பு கட்டியதேயன்றி, உச்சத்திற்குக் கட்டவில்லை. உச்சத்தை 750 வாட்டில் நிறுத்த வேண்டும் என்று ஜெர்மனியின் மிதிவண்டித் தொழில்துறைச் சங்கமே முன்மொழிந்துள்ளது. அதுவும் நாம் பாராட்டிய 240 வாட்டின் மும்மடங்கைத் தாண்டுகிறது. அகன்ற சாலைக்கு அது பொருந்தலாம். ஒற்றையடி மலைத்தடத்திற்கு 300 வாட் போதும் என்பதே நம் கருத்து. தடத்தின் வாயிலில் உள்ள பலகையில் வேக வரம்பினோடு அவ்வெண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும்.