கறையான் என்கிற வாயும் கடும் உழைப்பாளி என்கிற வாயும்

வங்கதேச மக்களைப் பற்றி நம் நாட்டில் இரண்டு பேச்சுகள் ஒரே காலத்தில் உலவுகின்றன. ஒன்று மேடைப் பேச்சு. 2018-இல் பாரதிய ஜனதா கட்சியின் தலைவராக இருந்த அமித் ஷா, எல்லை தாண்டி வந்தவர்களைக் கறையான் என்று வருணித்தார். 2019 தேர்தல் பிரச்சாரத்திலும் அதே சொல் ஒலித்தது. 2020 பிப்ரவரியில் உள்துறை இணையமைச்சர் கிஷன் ரெட்டி, இந்தியா குடியுரிமை தருவதாக அறிவித்தால் வங்கதேசத்தில் பாதி காலியாகிவிடும் என்று ஐதராபாத்தில் பேசினார்.

மற்றொன்று, ஆயத்த ஆடை முதலாளிகளின் அலுவலக அறைகளில் கேட்கும் பேச்சு. வங்கதேசத்துப் பெண்கள் முகம் சுளிக்காமல் உழைக்கிறார்களாம். நம் ஆட்களோ சோம்பேறிகள், விடுப்பு கேட்பவர்கள், சங்கம் வைத்துக் கெட்டுப்போனவர்கள். ஆர்டர் டாக்காவுக்குப் போகாமல் வேறென்ன செய்யும் என்கிறார்கள். திருப்பூரில் கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குச் சென்ற தோழர்கள் இந்த வசனத்தை மனப்பாடமாகவே ஒப்பிப்பார்கள்.

ஒரே மக்கள் ஒரு வாயில் அரித்துத் தின்னும் பூச்சி, மற்றொரு வாயில் அலுக்காத உழைப்பாளி. இரண்டு வாய்களுக்கும் சொந்தமான வர்க்கம் ஒன்றே என்பதை நம் தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. விளக்க வேண்டியது வேறொன்று. "சீனாக்காரன் கட்டுப்பாடானவன், ஜப்பான்காரன் நேரம் தவறாதவன், நம் ஜனங்களுக்கு ஒழுங்கே வராது" என்று தேநீர்க் கடையில் நம்மவர்களே பேசுவதைக் கேட்கிறோம். வாரம் 70 மணி நேரம் உழைக்க இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று 2023-இல் இன்போசிஸ் நாராயணமூர்த்தி உபதேசித்தபோது, ஜெர்மானியரும் ஜப்பானியரும் போருக்குப் பின் அப்படித்தான் உழைத்தார்கள் என்பதே அவர் காட்டிய சான்று. தேசிய குணம் என்ற இந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பதைப் பார்ப்பதற்கு, இந்தியாவையும் வங்கதேசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிட நல்ல வழி இல்லை.

முதலில் வாழ்நிலை. 1990-இல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், ஐந்து வயதை எட்டாமல் இறந்தவர்கள் இந்தியாவில் 114 பேர், வங்கதேசத்தில் 139 பேர். 2011-இல் இந்தியாவில் 61, வங்கதேசத்தில் 46. இதே காலத்தில் இந்தியாவின் தலா வருமானம் வங்கதேசத்தைவிட 60 சதவிகிதம் கூடுதலாக இருந்ததிலிருந்து ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்ந்தது. பணத்தில் நாம் முன்னே ஓடினோம், பிள்ளைகளைக் காப்பாற்றுவதில் அவர்கள் நம்மைக் கடந்து போனார்கள். ழான் திரேஸும் அமர்த்தியா சென்னும் 2013-இல் தங்கள் நூலில் இதை விரிவாக எடுத்துக்காட்டினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதி திறந்தவெளியைக் கழிப்பிடமாகப் பயன்படுத்தின. வங்கதேசத்தில் அந்த விகிதம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அது மன்மோகன் காலத்துக் கதை என்று யாரும் தள்ளிவிட முடியாது. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நம் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் 35.5 சதவிகிதம். வங்கதேசத்தின் 2022 ஆய்வில் 24 சதவிகிதம். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2025-இல் வெளியிட்ட மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் இரு நாடுகளும் ஒரே 130-ஆவது இடத்தில் நிற்கின்றன. வருமானத்தில் இந்தியா சற்று மேலே, சராசரி ஆயுளில் வங்கதேசம் மேலே. கிஷன் ரெட்டி பேசிய எட்டாவது மாதத்தில், அந்த ஆண்டு வங்கதேசத்தின் தலா வருமானம் 1,888 டாலராகவும் இந்தியாவுடையது 1,877 டாலராகவும் இருக்கும் என்று சர்வதேச நிதியம் மதிப்பிட்டது. கொரோனா முடக்கத்தின் கணக்கு அது. வாங்கும் சக்தியில் இந்தியாவே முன்னே இருந்தது. பதினொரு டாலருக்காக நாம் குதிக்கவும் வேண்டாம், குமுறவும் வேண்டாம். கறையான் என்றவர்கள் இரண்டு நாள் வாயடைத்துப் போனார்கள் என்பது மட்டுமே அதில் ருசி.

இந்த முன்னேற்றம் எப்படி வந்தது? வங்காளியின் குணத்தாலா? 1968-இல் டாக்காவிலிருந்த காலரா ஆய்வுக்கூடத்தில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளியைப் பிழைக்க வைக்கலாம் என்று நிறுவப்பட்டது. 1971 விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் பன்காவ் முகாமில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அங்கே கல்கத்தா மருத்துவர் திலீப் மகலனாபிஸ், ஊசி வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி வைத்து நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது அளவிலிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. இந்திய மண்ணில், வங்கதேசத்து ஏழைகளின் உடலில் மெய்ப்பிக்கப்பட்ட அறிவு அது. இன்று உலகெங்கும் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது.

பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 1980 தொடங்கிப் பத்தாண்டுகளில், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்ற கணக்கைக் கிராமத்துத் தாய்மார்களுக்கு வீடு வீடாகச் சென்று கற்றுக்கொடுத்தார்கள் 'பிராக்' அமைப்பின் பெண் ஊழியர்கள். ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகள். சொல்லிக் கொடுத்ததற்காக ஊதியம் தரப்படவில்லை. பின்னொரு நாளில் வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே ஊதியம். தன்னார்வ நிறுவனங்கள் அரசின் பொறுப்பை மறைக்கும் திரை என்ற நம் விமர்சனம் அப்படியே இருக்கிறது. நுண்கடன் வலையில் சிக்கிய பெண்களின் கண்ணீரும் நாம் அறிந்ததே. ஆனாலும் அந்தப் பெண்கள் நடந்த நடை நடந்ததுதான்.

1982-இல் வந்தது தேசிய மருந்துக் கொள்கை. விடுதலைப் போரில் திரிபுரா எல்லையோரம் கள மருத்துவமனை நடத்திய ஜபருல்லா சௌத்ரி அதன் பின்னணியில் இருந்தார். தீங்கான, பயனற்ற மருந்துகள் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் தடை செய்யப்பட்டன. அமெரிக்கத் தூதரகமும் பன்னாட்டு மருந்து நிறுவனங்களும் கொடுத்த நெருக்கடி கொஞ்சமல்ல. கொண்டுவந்தது ராணுவ ஆட்சி என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. இன்று தன் மருந்துத் தேவையின் பெரும்பகுதியை அந்த நாடே தயாரித்துக்கொள்கிறது.

இதையெல்லாம் சொல்வது டாக்காவுக்குத் தோரணம் கட்டுவதற்காக அல்ல. அங்கே அரசு மருத்துவத்துக்குச் செலவிடுவது நம்மைவிடவும் குறைவு, நோய்ச் செலவின் பெரும்பங்கு மக்களின் சட்டைப் பையிலிருந்தே போகிறது. ஏறத்தாழ பாதிப் பெண்கள் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்படுகிறார்கள். நிலச் சீர்திருத்தம் என்று சொல்லத்தக்கது நடக்கவேயில்லை. மதவெறி சிறுபான்மையினரின் வீடுகளைக் கொளுத்தும்போது, இங்கே முஸ்லிம் குடியிருப்புகளில் புல்டோசர் ஓட்டுபவர்களின் உடன்பிறப்புகளாகவே அங்கிருப்பவர்கள் தெரிகிறார்கள்.

டாக்காவுக்கு வெளியே சாவார் என்ற ஊர் இருக்கிறது. ஜபருல்லா சௌத்ரியின் மக்கள் மருத்துவ மையம் அங்கேதான் இயங்குகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று எட்டு மாடி ராணா பிளாசா கட்டடம் சரிந்ததும் அதே சாவாரில்தான். இறந்தவர்கள் 1,134 பேர், பெரும்பாலோர் தையல் வேலைக்கு வந்த இளம்பெண்கள். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் தம் ஊழியரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டன. ஆடைத் தொழிலாளிகளை மட்டும், வராவிட்டால் கூலி இல்லை என்று மிரட்டி மேலே ஏற்றினார்கள். "முகம் சுளிக்காமல் உழைக்கிறார்கள்" என்று நம் முதலாளிகள் மெச்சுகிற குணத்தின் உள்விவரம் இதுதான்.

சுளிக்காமலும் இல்லை. சுளித்தார்கள், தெருவில் இறங்கினார்கள். தொழிற்பேட்டைகளுக்கென்றே தனிக் காவல்படையை 2010-இல் அந்த அரசு அமைத்தது எதற்காக? அடங்கிக் கிடக்கும் மக்களுக்கா? 2013 இறுதியில் குறைந்தபட்ச மாதக் கூலி 5,300 டாக்கா, 2018-இல் 8,000. 2023-இல் சங்கங்கள் 23,000 கேட்டன, கொடுத்தது 12,500, அன்றைய மதிப்பில் சுமார் 113 டாலர். அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மறு ஆண்டே மாணவர் எழுச்சி ஷேக் ஹசீனாவின் ஆட்சியைச் சாய்த்தது. அதில் மாண்டவர்கள் 1,400 பேர் வரை இருக்கக்கூடும் என்பது ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் மதிப்பீடு. டாக்காவில் ரத்தம் உலராத அந்த நாட்களிலேயே, இனி ஆர்டர்கள் நமக்கு வரும் என்று இங்கே கணக்குப் போட்டார்கள்.

ஆர்டர்கள் அங்கே போனதற்குக் காரணம் குறைந்த கூலி. மேலும், வளர்ச்சி குன்றிய நாடு என்பதால் ஐரோப்பியச் சந்தையில் கிடைத்த வரி விலக்கு. குணத்துக்கு அதில் இடமே இல்லை. அந்தப் பட்டியலிலிருந்து வங்கதேசம் 2026 நவம்பரில் வெளியேற வேண்டுமென்று ஐ.நா. நாள் குறித்தது. வரி விலக்கு போகிறபோது, இந்தியாவைப் பார், வியட்நாமைப் பார், கூலியைக் குறைத்துக்கொள் என்று அங்குள்ள முதலாளி தன் தொழிலாளியிடம் சொல்வான். அவனுடைய வாயில் கடும் உழைப்பாளி நாமாகிவிடுவோம்.

குணச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் பழையது. வங்காளியின் உடல் நலிந்தது, நெஞ்சுரம் அற்றது என்று எழுதி வைத்தார் மெக்காலே. வெள்ளையனுக்கு ஆள்வதற்கு அது தேவைப்பட்டது. அடிமைப்பட்ட இனங்களுக்குரிய மனத்தடையும் சந்தேக புத்தியும் கொண்டவர்கள் என்று 1967-இல் வெளிவந்த தன் நூலில் வருணித்தார் பாகிஸ்தானின் சர்வாதிகாரி அயூப்கான். நான்கே ஆண்டுகளில் அந்த அடிமை இனம் அவருடைய ராணுவத்தின் வாரிசுகளைச் சரணடைய வைத்தது. 1971 டிசம்பரில் வெள்ளை மாளிகை அதிகாரிகளின் கூட்டத்தில், கைகால் இழந்தவனைக் கூடையில் சுமப்பது போல் உலகம் சுமக்க வேண்டிய நாடு இது என்ற பேச்சு எழுந்தது. அந்தக் கூடை நம் தலையில் விழ வேண்டியதில்லை என்பதே கிஸ்ஸிங்கரின் கவலை. மாறிக்கொண்டே இருந்தது, சொல்பவரின் தேவை.

இந்தியாவுக்குள்ளேயே பார்க்கலாம். 2023 மாதிரிப் பதிவுக் கணக்கில், ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் கேரளத்தில் 5, உத்தரப்பிரதேசத்தில் 37. இரண்டும் ஒரே தேசம்தான். அப்படியானால் இந்தியக் குணம் எது, ஐந்தா முப்பத்தேழா? கேரளத்தில் 1957 முதல் நடந்த நிலப் போராட்டமும் பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் செய்ததை, எந்த மலையாளி ரத்தமும் தானாகச் செய்துவிடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கும் பத்து லட்சம் ஆஷா ஊழியர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். அவர்களைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளவே ஒன்றிய அரசுக்கு மனமில்லை. மதிப்பூதியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை.

இது வெறும் கருத்துச் சண்டையாக இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. கறையான் என்ற சொல் 2025-இல் நிர்வாக உத்தரவாகிவிட்டது. வங்காளி பேசும் ஏழைத் தொழிலாளர்களைத் தில்லியிலும் மற்ற மாநிலங்களிலும் பிடித்து, எல்லையில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். தில்லி காவல்துறையின் கடிதம் ஒன்று வங்காளி மொழியை வங்கதேச மொழி என்றே குறிப்பிட்டது. பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த, ஒரு கர்ப்பிணி உட்பட ஆறு பேரைத் திரும்ப அழைத்துவரும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் உத்தரவிட்டும், ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் மல்லுக்கட்டியது. பன்காவில் பீப்பாய் வைத்துக் காப்பாற்றிய அதே எல்லை இது.

கடும் உழைப்பாளி என்ற சொல்லோ சட்டமாகியிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டன. 300 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையை மூட, ஆட்குறைப்புச் செய்ய, இனி அரசின் முன் அனுமதி வேண்டாம். போட்டி நாடுகளைச் சமாளிக்க வேண்டாமா என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம்.

திருப்பூரின் தையல் எந்திரங்களுக்கு முன்னால் இன்று பீகார், ஒடிசா, மேற்குவங்கத் தொழிலாளிகளும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் அதே இரண்டு பேச்சுகள்தான்: அலுவலக அறையில் நல்ல உழைப்பாளி, தெருவில் வடக்கன். மத்தியத் தொழிற்சங்கங்கள் இங்கே 26,000 ரூபாய் குறைந்தபட்சக் கூலி கேட்கின்றன. சாவாரின் பெண்கள் 23,000 டாக்கா கேட்டுத் துப்பாக்கியைச் சந்தித்தார்கள். இந்த இரண்டு எண்களையும் ஒரே வாயிற்கூட்டத்தில், தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும், சேர்த்துச் சொல்லத் தொடங்குவோம் தோழர்களே.