சபைக்கு முத்திரை, சுமந்தவனுக்கு?

1966-இல் இலங்கை அரசு 25 சதத்துக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. கண்டி மாநகரசபைக்கு நூறு வயதாம். முந்தின வருஷம் கொழும்பு சபைக்கும் இதே மரியாதை. 1865-ஆம் வருஷச் சட்டத்தில் பிறந்த இரட்டைப்பிள்ளைகள் அவை. அந்நாட்டுத் தமிழில் தபால்தலைக்கு முத்திரை என்று பேர். சாதி முத்திரை வாங்கியே பழகிய நமக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைக்கும்.

கண்டி மலையூர். அங்கே மலவாளியை யார் தூக்கியது? தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் ஆட்கள். மகியாவையில் நகரசபை லயங்களில் ஒண்டியிருந்த அருந்ததியரும் பறையரும். 1948-ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளிக்காரர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு வைத்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். ஆட்டுக்குட்டியைக்கூட இப்படிப் பிரிக்க மாட்டான். சபை நூற்றாண்டு கொண்டாடின அந்த வருஷத்தில், சபையின் பீயைச் சுமந்தவர்களில் பலருக்கு எந்த நாடு என்பதே முடிவாகவில்லை. அந்தச் சிக்கலை முடித்துவைக்க 2003-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

தபால்தலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தோழர்களே. ரெட்டமலை சீனிவாசனுக்கு 2000-இல் வந்தது, அயோத்திதாசருக்கு 2005-இல் வந்தது. சந்தோஷம்தான். இம்மானுவேல் சேகரனுக்கு 2010-இல் வந்தது. அடுத்த வருஷமே, 2011 செப்டம்பர் 11-இல், அவர் நினைவுநாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டு நம் ஆட்கள் செத்தார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிய பெண்களைக் கேளுங்கள், லேபிளைப் பார்த்து உள்ளே எத்தனை குச்சி என்று சொல்ல முடியாது என்பார்கள்.

நம் பக்கத்துச் சிவகாசி நகராட்சியானது 1920-இல். நூறு வயது தாண்டி 2021-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. 2022-இல் வந்த அரசாணை 152, மாநகராட்சிகளில் துப்புரவு உள்ளிட்ட வேலைகளை வெளியாட்களிடம் தள்ளிவிட்டது. நான் பேங்கில் கவுண்டரில் உட்காருகிறவன். துப்புரவுத் தொழிலாளி கடன் கேட்டு வந்தால் முதல் கேள்வி சம்பளச் சீட்டு. கூட்டுவது மாநகராட்சித் தெரு, சீட்டோ கான்டிராக்டர் பேரில். சில பேரிடம் அதுவும் கிடையாது. விண்ணப்பம் திரும்பிப் போகிறது.

அந்தக் காலத்து மஸ்டர் ரோலிலாவது கைநாட்டு இருந்தது, இன்னார் வேலை பார்த்தார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. இப்போது அதையும் கான்டிராக்டர் கையில் கொடுத்துவிட்டார்கள். எந்த ஊராட்சி, நகராட்சி ஆண்டுவிழா நடத்தினாலும் மலரில் தலைவர், ஆணையர் படம் போடுவார்கள். போடட்டும். கூடவே முதல் வருஷத்திலிருந்து கூட்டினவர்கள், அள்ளினவர்கள், குழிக்குள் இறங்கிச் செத்தவர்கள் பெயர்ப்பட்டியலை மஸ்டர் ரோலிலிருந்து எடுத்து அச்சடிக்கச் சொல்லி மனுக் கொடுப்போம். இன்றைக்கு ஒப்பந்தத்தில் இருப்பவர்களை நிரந்தரமாக்கு என்பதும் அதே மனுவில் இருக்கட்டும். விழாத் தேதி அறிவித்த அன்றைக்கே கொடுக்கணும், பந்தல் போட்ட பிறகு கொடுத்தால் காது கேட்காது.