நாளை எண்ணுவதா, இரத்தத்தைக் கேட்பதா?

மாமல்லபுரத்துக் குப்பங்களிலிருந்து செங்கற்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படும் ஏழைக்கு, இரத்தத்தில் கிருமி பாய்ந்திருந்தால் ஆன்டிபயாடிக் மருந்தை எத்தனை நாள் ஏற்றுவது? ஏழு நாள், பதினாலு நாள் என்று வைத்திய உலகில் ஒரு கணக்கு வெகுகாலமாய் உண்டு. காரணம் கேட்டால், பெரும்பாலும் வழக்கம் என்பதே பதில். பஞ்சாங்கக்காரன் சொல்லும் பதிலும் இதுதானே!

புரோகால்சிடோனின் என்ற பொருள், பாக்டீரியாக் கிருமிகள் தாக்கும்போது இரத்தத்தில் ஏறும். அவை அடங்கும்போது இறங்கும். இதைத் தினமும் அளந்து மருந்தை நிறுத்தலாமா என்று பிரிட்டனில் 41 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 2760 நோயாளிகளிடம் பரிட்சித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி மருந்து நாள் 10.7-க்குப் பதில் 9.8 ஆயிற்று. முன்கூட்டி நிர்ணயித்த எல்லைக்கு மேல் சாவு கூடவில்லை. சி.ஆர்.பி. என்ற மற்றொரு பரிட்சையாலோ நாள் குறையவில்லை.

ஒரு நாள்தானே என்பவர்கள், கார்பபெனெம் மருந்துக்கும் அடங்காத என்.டி.எம்.-1 கிருமிகள் சென்னையிலேயே கண்டதாக 2010-ல் வெளிவந்த ஆராய்ச்சியை நினைக்கட்டும். வீணாய் ஏற்றும் மருந்து அத்தகைய கிருமிகளுக்கே அனுகூலம்.

இப்பரிட்சையையும் தெய்வமாக்க வேண்டாம். நோயாளியைப் பார்த்தே வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். வீட்டில் மாத்திரை சாப்பிடும் தோழர்கள் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. பணக்காரனுக்கு மாத்திரமின்றி, சர்க்கார் ஆஸ்பத்திரி ஏழைக்கும் இது இலவசமாய்க் கிடைக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது.