ஏரிக்கரையில் யாருக்கு வரிச்சலுகை?

இரண்டு காருக்குச் சுங்கவரி கிடையாது. கார் வேண்டாமென்றால் படகு கொண்டுவரலாம். விமானம் வைத்திருப்பவர் அதையே கொண்டுவரலாம். வீட்டுச் சாமான்களுக்கு ஒருமுறை இறக்குமதி வரி விலக்கு. வெளிநாட்டிலிருந்து வருவதாகக் கணக்குக் காட்டிய தொகைக்கு வருமானவரி இல்லை. சொத்துப் பெயர்மாற்ற வரியில் 20 சதவீதம் தள்ளுபடி. வசதியுள்ள வெளிநாட்டவருக்காகக் கோஸ்டா ரிக்கா 2021-இல் கொண்டுவந்த 9996-ஆம் எண் சட்டத்தின் சாரம் இது. ஐந்தாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள். கெடு முடியும் வேளையில், நீட்டித்தால் என்ன என்று கேட்கிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

மாதம் 1,000 டாலர் ஆயுட்காலப் பென்ஷன் இருந்தால் அங்கே குடியிருக்க அனுமதி கிடைத்துவிடும். 2010-இல் 600-ஐ 1,000 ஆக்கியதோடு சரி, அந்த வரம்பு பிறகு ஏறவே இல்லை. முதலீட்டாளராக வருகிறவர் 2 லட்சம் டாலர் போட வேண்டும் என்று இருந்ததையும் புதுச் சட்டம் 1.5 லட்சமாக இறக்கிவிட்டது. அந்தப் பணத்துக்கு ஏரியைப் பார்த்தாற்போல் ஒரு வீடு வாங்கி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாலும் அதற்குப் பெயர் முதலீடு.

ஏரி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது அரேனல். நாட்டின் மிகப் பெரிய ஏரி, 80 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் எரிமலை. 1968-இல் அது வெடித்து 80-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இப்போது சுற்றுலா அட்டைப்படங்களில் சாதுவாக நிற்கிறது. கரையில் நுயேவோ அரேனல் என்ற சிற்றூர். ‘வெப்பமண்டலத்தில் புதுவாழ்வு’ என்று ஆசை காட்டும் கட்டுரைகளில் இந்த ஊர் அடிக்கடி வரும். அதே ஊரில் ஒரு புதுவாழ்வு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது என்பதை மட்டும் அந்தக் கட்டுரைகள் போகிறபோக்கில் ஒரு வரியில் கடந்துவிடும்.

அங்கே முன்பு இருந்தது ஒரு சின்ன இயற்கை ஏரி. அரசு மின்வாரியம் அணை கட்டி அதைப் பெருக்கியது. 1979-இல் நீர் ஏறியபோது பழைய அரேனலும் திரொனதோராவும் மூழ்கின. சுமார் 2,500 பேர் மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. நண்பர்களுக்கு அது சலித்தே போய்விட்டது. அணைகளால் பெயர்க்கப்பட்ட மக்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் மானுடவியலாளர் தேயர் ஸ்கடர். உலகெங்கும் 50 அணைகளை எடுத்துக்கொண்டார். போதிய தகவல் கிடைத்தவை 44. அவற்றில் 36 இடங்களில் குடிபெயர்ந்தவர்களின் வாழ்க்கை முன்பைவிடத் தாழ்ந்தது. 5 இடங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. உயர்ந்தது 3 இடங்களில்தான். அந்த மூன்றில் ஒன்று நமக்கு அருகே, இலங்கையின் பொலன்னறுவை மாவட்டத்தில் இருக்கும் பிம்புரத்தேவ. இன்னொன்று அரேனல். நூற்றுக்கு ஏழு இடங்களில் மட்டும் நடப்பது, காபித் தோட்டமும் மாட்டுப்பண்ணையும் வைத்திருந்த இந்தச் சாதாரணச் சனங்களால் நடந்தது.

எப்படி? குடிபெயர்க்கும் முன்பே மின்வாரியம் அவர்கள் எதை விளைவிக்கிறார்கள், யாரோடு கொண்டுகொடுத்து வாழ்கிறார்கள் என்று விசாரித்தது. புது ஊர் எங்கே அமைய வேண்டும் என்பதில் அவர்களிடமும் கருத்துக் கேட்டது. அப்படியும் முதல் சில ஆண்டுகள் வருமானம் சரிந்தது, பிறகுதான் நிமிர்ந்தார்கள். அவர்கள் நிலத்தின் மேல் நிற்கும் நீர் மின்நிலையங்களைச் சுழற்றி, மலை தாண்டி, குவானகாஸ்தே மாகாணத்தின் வறண்ட வயல்களுக்குப் பாய்கிறது. நாட்டுக்கு விளக்கும் கொடுத்து விளைச்சலும் கொடுத்தவர்கள் யாரும் சுங்கத்தில் தள்ளுபடி கேட்கவில்லை.

கார் விஷயத்தில் கோஸ்டா ரிக்கா ஈவிரக்கமற்ற நாடு. வண்டியின் வயதைப் பொறுத்து, இறக்குமதி வரி அதன் மதிப்பில் பாதியையும் தாண்டும். நுயேவோ அரேனலில் பால் கறந்து விற்கிறவர் அதைக் கட்டியே தீர வேண்டும். அடுத்த மனைக்கு நேற்று வந்தவர் கட்ட வேண்டாம். இதை எந்தப் பொருளாதார அறிஞராவது எனக்கு விளக்கட்டும்.

பணம் வருகிறது, வேலை கிடைக்கிறது என்பார்கள். என்ன வேலை? புல் வெட்டுவது, சமைப்பது, ஆளில்லாத வீட்டுக்குக் காவல் இருப்பது. சொந்த ஊரில் சொந்த நிலத்தில் உழைத்த குடும்பத்துக்கு இதை முன்னேற்றம் என்று காட்டத் தனித் துணிச்சல் வேண்டும். வந்தவர்கள் அரசு மருத்துவக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டுகிறார்களே என்று ஒரு வாதம். உள்ளூர்க்காரரும்தான் கட்டுகிறார். மனைவிலை டாலரில் பேசப்படும் ஊரில் உள்ளூர்ப் பிள்ளைக்குக் கல்யாணமானால் குடிபோக வீடு எங்கே இருக்கும் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இப்படியே விட்டால் இன்னும் இருபது ஆண்டில் மூழ்கிய ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்து நகரமான திலரானில் வாடகைக்கு இருப்பார்கள், ஏரியில் அவர்களுக்குப் பாத்தியதை இருக்காது.

வருகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கரையில் அடிக்கும் காற்றுக்கு மேடுகளெங்கும் காற்றாலை நிறுத்தியிருக்கிறார்கள். மழை எப்போது வரும், எப்போது விடும் என்று கணிக்க முடியாது. தாக்குப்பிடித்து, மொழி கற்று, ஊர்க் காரியத்துக்குத் தோள்கொடுக்கிறவர்களும் உண்டு. சலுகை அவர்களுக்கானதாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் குடியுரிமைக்கு ஸ்பானிய மொழித் தேர்வு வைத்த நாடு, வரிச்சலுகைக்கு வங்கிக் கடிதம் போதும் என்கிறது.

சட்டம் காலாவதியாகட்டும். சலுகை கொடுத்தே தீர வேண்டுமென்றால், மூன்று மழைக்காலம் ஊரில் இருந்து காட்டியவர், பக்கத்து வீட்டுக்காரரோடு ஸ்பானிய மொழியில் வழக்காடத் தெரிந்தவர் விண்ணப்பிக்கட்டும். அதுவரை பால்காரர் கட்டுகிற வரியை அவரும் கட்டட்டும்.