சத்திரசிகிச்சைக்கு முன் கேட்கப்படாத ஒரு கேள்வி

என்னுடன் நீண்டகாலம் பத்திரிகைப் பணியாற்றிய நண்பர் ஒருவர் தமது 68ஆவது வயதில் பித்தப்பையை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீடித்த அச்சிகிச்சை வெற்றி என்றே வைத்தியர்கள் கூறினர். பத்தாம் நாள் வீட்டில் மூச்சுத் திணறி அவர் உயிரிழந்தார். காலின் ஆழ்நாளத்தில் உருவான குருதிக்கட்டி நுரையீரல் நாடியை அடைத்துவிட்டதாம். அவரது தாயாருக்கும் முன்னர் காலில் குருதி உறைந்ததுண்டு. அதனை எவரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாம் கத்திக்கு அஞ்சுகிறோம், படுக்கைக்கு அஞ்சுவதில்லை. குருதியோட்டம் மந்தமடைதல், குருதிக்கலத்தின் உட்சுவர் பாதிப்புறுதல், குருதியின் உறையும் தன்மை அதிகரித்தல் ஆகிய மூன்றுமே இக்கட்டிகளுக்குக் காரணம். பெரிய சத்திரசிகிச்சை இம்மூன்றையும் ஒருசேரக் கொண்டுவந்துவிடுகிறது.

இவ்வாபத்தை அளவிடப் பெரும் இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோசப் கப்ரினியின் பெயரால் வழங்கும் புள்ளித்திட்டம் ஒரு தாளில் அடங்கிவிடும். நண்பரின் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 2, 45 நிமிடங்களுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைக்கு 2, ஆக 4. இது நடுத்தர ஆபத்து. தாயாரின் நோய்க்கு மேலும் 3 சேர்ந்தால் 7. ஐந்தை எட்டினாலே உயர் ஆபத்து. ஒரேயொரு கேள்வி அவரை வேறொரு வரிசையில் நிறுத்தியிருக்கும்.

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் 25,000இற்கும் அதிகமானோர் வைத்தியசாலையில் ஏற்படும் குருதிக்கட்டிகளால் மடிவதாகப் பிரித்தானிய நாடாளுமன்றச் சுகாதாரக் குழு 2005இல் சுட்டிக்காட்டியது. அங்கு அனுமதிக்கப்படும் வயதுவந்த நோயாளர்களில் 90 சதவீதத்தினருக்கேனும் இம்மதிப்பீடு செய்யப்படவேண்டும் என்ற இலக்கு 2010இல் நடைமுறைக்கு வந்தது.

அப்படியாயின் உறைதலைத் தடுக்கும் மருந்தை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அம்மருந்து குருதிப்பெருக்கையும் ஏற்படுத்தவல்லது. ஆகவேதான் ஆளுக்கு ஆள் எடைபோட்டுப் பார்க்கவேண்டியுள்ளது.

கேட்பது வைத்தியரின் கடமை. மறைக்காமல் சொல்வது நமது கடமை. பழைய கால் வீக்கம், உட்கொள்ளும் கருத்தடை மாத்திரை, அண்மைய நீண்ட விமானப் பயணம், குடும்பத்தாரின் நோய் யாவற்றையும் சொல்லுங்கள். "அசையாமல் படுத்திரு" என்று அன்போடு கட்டளையிடும் நமது வழக்கத்தையும் கைவிடுவோம். வைத்தியர் அனுமதித்ததும் நோயாளரைக் கைப்பிடித்து நடக்கவைப்பதே உண்மையான பரிவு.

கேட்காவிட்டால் நாமே கேட்போம்: "எனக்குக் குருதி உறையும் ஆபத்து எவ்வளவு?"