சேற்றுக்குப் பயந்தா ஓடினார்கள்?

"வயலில் மெஷினை இறக்குங்கள், கையில் செயலியைக் கொடுங்கள், இளைஞர்கள் தானாக விவசாயத்துக்கு வருவார்கள்." மேடைக்கு மேடை இதைத்தான் கேட்கிறோம். ஆப்பிரிக்காவுக்கும் இதே மருந்துச் சீட்டுதான். நைஜீரியாவில் 'ஹலோ டிராக்டர்' நிறுவனம் கைபேசி வழியே டிராக்டரை வாடகைக்குப் பிடித்துத் தருகிறது. மருந்தில் குறையில்லை. உழைப்புக்கு அஞ்சித்தான் இளைஞர்கள் ஓடுகிறார்கள் என்று நோயைத்தான் தவறாகச் சொல்கிறார்கள்.

திருத்தணிப் பக்கம் வந்து பாருங்கள். ஏர் போய் டிராக்டர் வந்து ஒரு தலைமுறை ஆகிறது. நெல்லை அறுப்பு மெஷின் அறுக்கிறது. 2018இல் வந்த உழவன் செயலி சந்தை விலையைக் காட்டுகிறது. கட்டுப்படியாகும் விலையை அது வாங்கித் தராது. அதனால்தான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு நம் பிள்ளைகள் விடியுமுன் நிற்கிறார்கள். இரவு ஷிஃப்ட் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவனா உழைப்புக்கு அஞ்சுகிறவன்? அங்கே தேதி தவறாமல் சம்பளம் வருகிறது, அவ்வளவுதான்.

கரும்பு போட்ட அவன் அப்பாவைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு மாதம் பயிரைக் காக்கவேண்டும். ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கவேண்டும். வெட்டுக்கூலிக்குக் கடன் வாங்கவேண்டும். கரும்பு ஆலைக்குப் போன 14 நாளில் பணம் தரவேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. ஆனாலும் நிலுவை கேட்டுத் தமிழக விவசாயிகள் தெருவில் உட்கார்ந்த ஆண்டுகள் பல. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த மகன் டிரோனைக் காட்டினால் திரும்பி வந்துவிடுவானா?

நிலக்கணக்கும் இடிக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதற்குச் சொந்த டிராக்டர் வாங்கினால் தவணைதான் விளையும். வாடகைக்கு எடுத்தால் மணிக்கணக்கில் பணம் வண்டிக்காரருக்குப் போகும். மானியத்துக்குப் போனால் சிட்டா கேட்கிறார்கள். பட்டாவோ இன்னும் தாத்தா பெயரில். வாய்ப்பேச்சில் குத்தகை பிடித்தவருக்கு அந்தக் காகிதமும் கிடையாது.

மெஷின் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குனிந்து ஒடிந்த முதுகுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வரிசை மாறக்கூடாது. பட்டாவைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். குத்தகையைப் பதிவுக்குள் கொண்டுவாருங்கள். கம்பெனிச் சம்பளத்துக்கு இருப்பதுபோல் கரும்புப் பணத்துக்கும் தவறாத ஒரு தேதி வையுங்கள். அப்புறம் டிரோனைக் கொண்டுவாருங்கள். ஓட்டுவதற்கு ஆள் நம் ஊரிலேயே கிடைப்பான்.