பின்மூடி திறந்துவிட்டால் எல்லாம் போயிற்றா?

சென்ற மாதம் கண்டியிலிருந்து என் தங்கையின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். குரல் உடைந்திருந்தது. வீட்டுப் பெட்டகத்தில் கிடந்த பழைய சிறு கமராவுடன் பேராதனைப் பூங்காவுக்குப் போயிருக்கிறாள். 18ஆவது படத்தோடு சுருள் தீர்ந்ததென்று எண்ணிப் பின்மூடியைத் திறந்துவிட்டாள்.

"எல்லாம் போச்சு தாத்தா. வீசிடவா?"

"வீசாதே. உடனே மூடினாயா?"

"மூடிட்டேன்."

"அப்படியென்றால் சுற்றியெடுத்துக் கழுவக் கொடு."

கழுவி வந்த சுருளில் முதல் பதினொரு படங்களுக்குப் பழுதில்லை. அடுத்த சிலவற்றின் ஓரங்களில் செம்மஞ்சள் கறை. கடைசி நான்கு மட்டும் வெறும் வெண்மை.

இதில் அற்புதம் எதுவுமில்லை. கையால் சுற்றும் கமராவில் எடுத்த படங்கள் எதிர்ப்பக்க உருளையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்கின்றன. மேற்சுற்று உட்சுற்றுக்குப் போர்வையாகிறது. வெளிச்சம் முதலில் கடைசியாக எடுத்தவற்றைத்தான் தின்னும். விளிம்பு வழியே உள்ளே கசிவது சொற்பம். இன்னும் எடுக்காத பகுதியோ குப்பிக்குள் பத்திரமாக இருக்கும். பின்னாளில் வந்த மோட்டார் கமராக்கள் சிலவற்றில் கணக்கு தலைகீழ். அவை முழுச் சுருளையும் முதலிலேயே வெளியே இழுத்துவிட்டு, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் குப்பிக்குள் சேர்க்கும். எண்காட்டி இறங்குமுகமாக எண்ணினால் உங்களுடையது அந்த இனம். அதில் திறந்தால் எடுத்தவை தப்பும், எடுக்கவிருப்பவையே பழுதாகும்.

எனவே "வெளிச்சம் பட்ட சுருள் பழுது" என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதும் அனுபவசாலிகளிடம் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

1982. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் ஐந்தேகால் இலட்சம் மலையகத் தமிழரை இந்தியாவின் கணக்கில் எழுதியிருந்தது. அந்தக் கணக்கில் அகப்பட்டவர்கள் கண்டி புகையிரத நிலையத்தில் தகரப் பெட்டிகளோடு, தலைமன்னார் போகும் கோச்சிக்காகக் காத்திருப்பார்கள். நான் அப்போது இளநிலை நிருபன். ஒரு முதியவர் புறப்படுகிறார். மூத்த மகன் இங்கேயே தங்குகிறான். "தம்பி, எங்களை ஒண்ணா நிக்க வச்சு ஒரு படம் புடிங்க" என்றார். அந்தச் சுருளின் மூன்றாவதும் நான்காவதும் அவர்கள்தான்.

மாலையில் 24ஆவது படத்தோடு நெம்புகோல் இறுகியது. சுருளைக் குப்பிக்குள் திரும்பச் சுற்ற மறந்து, நடுத்தெருவில் மூடியைத் திறந்தேன். பதறி மூடிக்கொண்டு ஒரு ஸ்ரூடியோவுக்கு ஓடினேன். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் நடந்ததைக் கேட்டார், "பழுதாப் போச்சு" என்றார், என் கண்ணெதிரிலேயே சுருளை முழுவதுமாக வெளிச்சத்தில் உருவிப்போட்டார். நான் தடுக்கவில்லை. மூன்றும் நான்கும் உருளையின் அடியாழத்தில் இருந்தன என்பது, பிறகு பத்திரிகையின் இருட்டறையில் ஒரு மூத்தவர் விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

திறக்காமலே கோட்டைவிடுவோரும் உண்டு. எசல பெரஹராவில் ஓரிரவு முழுவதும் யானைகளையும் தீப்பந்தங்களையும் எடுத்துத் தள்ளிய நண்பரின் கமராவில் சுருள் நகரவே இல்லை. எண்காட்டி நெம்புகோலின் அசைவைத்தான் எண்ணுகிறது, சுருளை அல்ல. சுருளின் நாக்கை உருளைப் பிளவில் செருகி, இரு விளிம்புத் துளைகளும் பற்களில் பொருந்திய பின்னரே மூடவேண்டும். பிறகு திருப்பிச் சுற்றும் குமிழை மெதுவாகத் திருப்பித் தொய்வை எடுத்துவிட்டு ஒரு படம் முன்நகர்த்துங்கள். குமிழ் தானாகச் சுழன்றால் சுருள் ஓடுகிறது. அசையாமல் நின்றால் நிழலுக்குப் போய் மறுபடி மாட்டுங்கள். பழைய கமராவென்றால் மூடியோரத்துப் பஞ்சையும் தொட்டுப் பாருங்கள். நம் கண்டி ஈரத்தில் அது தார்போல் ஒட்டும். அங்கே ஒளி புக ஒரு மயிரிழை போதும். நீங்கள் திறவாமலே படங்களில் கோடு விழும்.

இன்றைக்குப் படச்சுருள் விற்கும் விலையில் பேத்தியின் தலைமுறை இதையெல்லாம் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் கழுவாமல் வீசுவதை மட்டும் ஒப்பமாட்டேன்.

அந்த முதியவர் கோத்தகிரியிலிருந்து பத்திரிகை முகவரிக்கு ஓர் உள்நாட்டுக் கடிதம்போல மடித்த தாள் அனுப்பியிருந்தார். யாரோ எழுதிக்கொடுத்த கையெழுத்து. படத்தின் ஒரு பிரதி தமக்கும், ஒன்று மகனுக்கும் வேண்டுமாம். காசு எவ்வளவு என்று கேட்டிருந்தார். படம் சரியாக விழவில்லை என்று பதில் எழுதினேன்.